ஜாஸ் வாசிக்க கிளாரினெட்: அலுமாரியில கிடந்த பழைய மரமா, பாவிச்ச யமஹாவா?

கல்லடி_காற்று:
வணக்கம். மட்டக்களப்பில நாங்க அஞ்சு பேர் சேர்ந்த ஒரு சின்ன பாண்ட். டிரம்பெட், கீபோட், பேஸ் கிற்றார், டிரம்ஸ் இருக்கு, கிளாரினெட் என்ட பொறுப்பு. 1930கள் பாணி ஜாஸ் வாசிக்கிறதுதான் எண்ணம். பள்ளிக்கூட பாண்டில வாசிச்ச விரல் பழக்கம் இருக்கு, சொந்தமா வாத்தியம் இல்ல. இப்ப கையில ரெண்டு தெரிவு:

1. கொழும்பில ஒருத்தர் விக்கிற பாவிச்ச யமஹா 255, பிளாஸ்டிக் உடம்பு.
2. இங்க ஒரு வீட்டு அலுமாரியில கிடந்த கறுப்பு மர கிளாரினெட். கம்பனிப் பேர் தேய்ஞ்சு போச்சு. மேல் துண்டில "எச்.பி." எண்டு ரெண்டு எழுத்து குத்தியிருக்கு. யமஹா விலையில மூண்டிலொரு பங்குதான்.

மரத்தில சத்தம் நல்ல தடிப்பு. ஆனா கீபோட்டோட ஒத்துவரல்ல. வாயில வைக்கிற மவுத்பீஸுக்குக் கீழ இருக்கிற பேரல் எண்ட குட்டைத் துண்டை நல்லா இழுத்தும் சரிவரல்ல. மவுத்பீஸ் மாத்தினா சரியாகுமா? ஜாஸுக்கெண்டு தனி கிளாரினெட், தனி மவுத்பீஸ், அதில கட்டுற நாணல் தகடு ரீட், அதுவும் தனி எண்டு இருக்கா?

நாணல்:
தம்பி, மவுத்பீஸ் மாற்றியும் பலனில்லை. அந்த இரண்டு எழுத்துத்தான் விடை. எச்.பி. என்றால் உயர் சுருதி. பழைய பிரித்தானிய இராணுவ பாண்ட்கள் ஏ சுரத்தை செக்கனுக்கு 452 அதிர்வு அளவில் வைத்து வாசித்த காலத்து வாத்தியம் அது. உங்கள் கீபோட் நிற்பது 440இல். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய அரைச்சுரத்தின் பாதி வித்தியாசம்.

போனில் ஒரு டியூனர் அப் போட்டு நீங்களே பார்க்கலாம். இடது பெருவிரலும் மூன்று விரல்களும் வைத்து சி வாசியுங்கள். பி பிளாட் கிளாரினெட் என்றால் டியூனர் பி பிளாட் காட்ட வேண்டும். எச்.பி. வாத்தியத்தில் முள் பி பிளாட்டுக்கும் பிக்கும் நடுவில் போய் நிற்கும்.

இழுத்து ஏன் சரிவராது? அவ்வளவு சுருதி இறங்க, முழு நீளக் குழாயில் 2 சென்ரிமீற்றர் அளவு கூட வேண்டும். அதை பேரலில் மட்டும் கூட்டினால், குழாயின் மேற்பகுதியில் பிறக்கிற ஜி, ஏ போன்ற குட்டைச் சுரங்கள் அளவுக்கு மீறி இறங்கும், கீழ் சுரங்கள் போதுமான அளவு இறங்காது. துளைகள் குட்டைக் குழாய்க்குக் கணக்குப் பண்ணி வெட்டப்பட்டவை. அந்த இடைவெளியை யாரும் மாற்ற முடியாது.

பழைய மரம் வாங்குகிறதென்றால் "எல்.பி." (தாழ் சுருதி) குத்தியிருக்க வேண்டும், அல்லது எழுத்தே இல்லாமல் டியூனரில் சரிவர வேண்டும். துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களையும் எண்ணுங்கள். பெருவிரல் வளையத்தோடு ஆறு வளையம், 17 கீ என்றால் போம் முறை, நீங்கள் பள்ளிக்கூடத்தில் பழகியது. வளையமும் கீயும் குறைவென்றால் ஆல்பர்ட் போன்ற பழைய முறை, விரல் பிடிப்பே வேறு. ஜானி டொட்ஸ், ஜிம்மி நூன் எல்லாம் ஆல்பர்ட்டில் வாசித்த நியூ ஓர்லியன்ஸ்காரர்கள்தான், ஆனாலும் போம் விரல்களோடு அதற்கு மாறுவது புதுசாகப் படிப்பதற்குச் சமம்.

அந்த மரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யமஹாவைப் பார்க்கலாம்.

பேட்_பழுது:
யமஹா 255 நல்ல தெரிவு. கல்லடி மாதிரிக் கடற்கரையில் பிளாஸ்டிக் உடம்பு குறையில்லை, அனுகூலம். மாரி ஈரத்தில் மரம் ஊதி, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கழற்ற முடியாமல் நிற்கும். பிளாஸ்டிக்கில் அந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் கீ எதிலும் உலோகம்தான், ஊசி ஸ்பிரிங் உருக்கு. நீல நிற ஊசி ஸ்பிரிங் உப்புக் காற்றில் அடிப்பக்கம் துருப்பிடித்து ஒருநாள் டக்கென்று முறியும். வாங்கப் போகும்போது ஸ்பிரிங் தூணுக்குள் போகிற இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கொழும்புக்குப் போகும்போது உங்கள் சொந்த மவுத்பீஸ், 2.5 கடின எண் ரீட் இரண்டு, பழைய கசெட் ரேப் ஒரு சாண் நீளம், டியூனர் போட்ட போன், இவ்வளவும் பையில் இருக்கட்டும்.

முதலில் வாசிக்காமல் காற்றுப் பாருங்கள். மேல் துண்டை மட்டும் எடுத்து, இடது கை விரல்களால் துளைகளை எல்லாம் மூடி, அடிவாயை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் உதடு வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிய இழுவை நாலைந்து எண்ணும்வரை நிற்க வேண்டும், விட்டால் "பொப்" என்று கேட்க வேண்டும். உடனே தளர்ந்தால் எங்கோ கசிவு. கீழ்த் துண்டுக்கும் இதேதான், விரல்கள் மட்டும் ஆகக் கீழ் ஈ பிடிக்கிற மாதிரி.

கசிவு எந்த பேடில் (துளையை மூடுகிற மெத்தையில்) என்று காட்டத்தான் கசெட் ரேப். அது மெல்லிசு, கிழியாது. 4 மில்லிமீற்றர் அகல நுனியை பேடுக்கும் துளை விளிம்புக்கும் நடுவில் வைத்து, கீயை வழமையான விரல் அழுத்தத்தில் மூடி, மெதுவாக இழுங்கள். சுற்றிவர நாலு பக்கமும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு அங்கேதான்.

பேடின் மெல்லிய தோல் கிழிந்திருக்கா, ஓரம் கறுத்திருக்கா, பிசுபிசு என்று ஒட்டுதா என்றும் பாருங்கள். ஒன்றிரண்டு பேட் சின்ன வேலை. பதினேழும் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

இனி பூட்டி, இரண்டு கையிலும் சுட்டுவிரலும் இடது பெருவிரலும் மட்டும் வைத்து வருகிற ஈ பிளாட் வாசியுங்கள். அந்தச் சுரம் மேல் கீழ்த் துண்டுகளை இணைக்கிற பிரிட்ஜ் கீயை நம்பித்தான் வருது. மங்கலாக வந்தால் பிரிட்ஜ் வளைந்திருக்கு, அல்லது அதன் கோர்க் விழுந்திருக்கு.

திரும்பி வரும்போது ஒன்று. பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்து இன்ஜின் மூடிமேல் பொதி வைக்கிற வழக்கம் இருக்கே, அங்கே வைக்க வேண்டாம். பேடை ஒட்டியிருக்கிற பசை அந்தச் சூட்டில் இளகும், பேட் சரியும். மடியில் வைத்துக்கொண்டு வாங்க.

நாணல்:
ஜாஸுக்குத் தனி கிளாரினெட் என்று ஒன்றைத் தேட வேண்டாம். பீற் ஃபவுண்டன் போன்ற ஜாஸ் கிளாரினெட்காரர்கள் அகலத் துளையுள்ள வாத்தியங்களை விரும்பினார்கள், அதில் சுரத்தை வளைப்பது லேசு. ஆனால் உங்கள் நிலையில் காசு போக வேண்டிய இடம் மவுத்பீஸும் ரீட்டும்.

மவுத்பீஸ் நுனிக்கும் ரீட் நுனிக்கும் நடுவில் இருக்கிற வாய்தான் முக்கிய அளவு. யமஹா 4சியில் அது 1.05 மில்லிமீற்றர். வண்டோரன் கம்பனியின் பி45இல் 1.195. ஜாஸுக்கென்றே வருகிற வண்டோரன் 5ஜேபியில் 1.47. இந்தச் சின்ன வித்தியாசத்தை உதடு உடனே உணரும். வாய் அகல அகல மெல்லிய ரீட் போடலாம், சுரத்தை வளைக்கலாம், உறுமலாம், சுரத்துக்குச் சுரம் வழுக்கும் கிளிசாண்டோ இழுக்கலாம். அதே அளவுக்கு சுருதி தளும்பும், மூச்சு அதிகம் வேணும், மேல் சுரங்கள் தொய்யும். பள்ளிக்கூட 4சியிலிருந்து நேரே 5ஜேபிக்குத் தாவினால் இரண்டு பாட்டில் உதடு ஓய்ந்துவிடும்.

என் சொல்: பி45, நீலப்பெட்டி வண்டோரன் 2.5. ஆறு மாதம் அதில் நில்லுங்கள். பிறகும் வளைவு போதவில்லை என்று தோன்றினால் 5ஜேபியும் 2 ரீட்டும். ரீட் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நீலப்பெட்டியின் அடித்தடிப்பு 2.8 மில்லிமீற்றர், அதே கம்பனியின் வி12 ரீட்டில் 3.15. ஒரே எண்ணாக இருந்தாலும் வாயில் இரண்டும் வேறு.

ரீட்டை மவுத்பீஸோடு கட்டுகிற லிகேச்சருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ரீட்டை நேராகப் பிடித்தால் போதும். கோர்க் கிரீஸ், உள்ளே இழுக்கிற துணி, தட்டையாக வைக்கிற ரீட் பெட்டி, மவுத்பீஸ் மேல் ஒட்டுகிற ரப்பர் துண்டு, இவை கட்டாயம்.

கல்லடி_காற்று:
விளங்குது அண்ணன், பெரிய உபகாரம். இன்னும் ரெண்டு சந்தேகம். ஏயிலிருந்து பிக்குப் போகக்குள்ள அடிக்கடி கீச்செண்டுது. மற்றது, பின்னேரம் கொட்டகையில வாசிக்கக்குள்ள நான் எப்பவும் கீபோட்டை விட உயரத்தில நிக்கிறன். அது இரவல் வாத்தியம், எச்.பி. இல்ல.

பேட்_பழுது:
கீச்சுக்கு முதலில் ரீட்டைப் பாருங்க. நல்ல வெளிச்சத்தில் மவுத்பீஸை முகத்துக்கு நேரே பிடித்தால், ரீட் நுனிக்கு மேலே ஒரு மயிர் அகலம் கறுப்புத் தெரிய வேண்டும். லிகேச்சரில் கீழ்த் திருகு இறுக்கம், மேல் திருகு கொஞ்சம் இளக்கம். பிறகு மவுத்பீஸின் அடியை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சி வாயை எடுங்க. ரீட் ஒரு கணம் ஒட்டி நின்று "பொப்" என்று விட வேண்டும். ஒட்டவே இல்லை என்றால் ரீட்டின் அடிப்பக்கம் வளைந்திருக்கு, வேறு போடுங்க. நம்ம வெயிலில் காய்ந்த ரீட்டின் நுனி அலை அலையாய் நெளியும். ஒரு நிமிசம் நீரில் ஊறவிட்டால் நேராகும்.

ரீட் சரியென்றால் விரல். ஏயில் விரல்கள் எல்லாம் மேலே, பியில் எட்டு விரலும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். ஒரு துளையில் ஊசியளவு இடைவெளி இருந்தாலும் கீச்சுத்தான். பள்ளிக்கூட விரல் பிடிப்பில் ஒரு சின்ன மாற்றம்: ஜி, ஏ, பி பிளாட் வாசிக்கும்போதே வலது கை விரல்களை மூடி வைத்திருங்க. அந்தச் சுரங்கள் கெடாது, பிக்குத் தாண்டும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

நாணல்:
உயரத்துக்குக் காரணம் வெக்கை. காற்றின் வெப்பம் 1 பாகை ஏறினால் அதில் ஒலி வேகம் ஏறும், சுருதியும் 3 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு) அளவு ஏறும். பின்னேரம் 32 பாகைக் கொட்டகையில் வாசித்தால் 10, 20 சென்ட் மேலே நிற்பது புதினமில்லை. கீபோட்டுக்கு வெக்கை தெரியாது.

பத்து நிமிடம் வாசித்துச் சூடேற்றிய பிறகுதான் சுருதி பாருங்கள். பேரலை 1 முதல் 2 மில்லிமீற்றர் இழுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் அங்கேயே இழுக்காமல் நடு இணைப்பில் ஒரு மில்லிமீற்றரை எடுங்கள். முன்பு சொன்ன அதே காரணம்தான், குட்டைச் சுரங்கள் அதிகம் இறங்கிவிடும். நிரந்தரத் தீர்வுக்கு 65க்குப் பதில் 66 மில்லிமீற்றர் பேரல். மவுத்பீஸ் வாங்கும்போதும் கவனம்: வண்டோரனின் சாதாரண வரிசை 442க்கு, 13 வரிசை 440க்கு. பி45 இரண்டிலும் வருது. நமது வெக்கைக்கு 13 வரிசையைக் கேளுங்கள்.

வாவிக்கரை_ஒலி:
மேடை பற்றி நான் இரண்டு சொல்கிறேன். கிளாரினெட்டின் அடியில் விரிந்திருக்கிற பெல்லில் மைக் மாட்டாதீங்க. ஆகக் கீழ் சுரங்களைத் தவிர மற்றதெல்லாம் துளைகளிலிருந்துதான் வெளியே வருது. பெல்லில் மாட்டினால் ஒரு சுரம் இடி, அடுத்தது ஒன்றுமில்லை. நடுப்பகுதிக்கு எதிரே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் ஸ்டாண்ட் மைக் வையுங்க.

இரண்டாவது, கிற்றார்காரருக்கு ஈ லேசு, உங்களுக்கு அது ஆறு சார்ப். பாட்டைத் தெரிவு செய்யும்போதே பி பிளாட், எஃப், ஈ பிளாட்டில் பேசி வையுங்க. உங்களுக்கு சி, ஜி, எஃப் ஆகும், டிரம்பெட்காரருக்கும் அதே.

நியூ ஓர்லியன்ஸ் என்றதும் நினைவுக்கு வந்தது. மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படிப்பித்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் அந்தச் சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள்தான். ஜாஸ் பிறந்த ஊருக்கும் நம்ம வாவிக்கரைக்கும் இப்படி ஒரு உறவு பழசாகவே இருக்கு.

கல்லடி_காற்று:
யமஹாவைப் பார்த்திட்டன். மேல் துண்டு காற்று பிடிக்குது. ஸ்பிரிங்கில துரு இல்ல. கீழ்த் துண்டில உறிஞ்சினா ரெண்டு எண்ணுறதுக்குள்ள போகுது. ஈ பிடிச்சு கசெட் ரேப் வச்சா ஈ பேட் இறுகுது, பக்கத்து எஃப் பேடில வழுக்குது. எஃப் மட்டும் பிடிச்சா அந்தப் பேட் நல்லா இறுகுது. விட்டிடவா?

பேட்_பழுது:
விட வேண்டாம், வாங்குங்க. பேட் நல்லது, ஒழுங்குதான் பிழை. ஈ கீயை அழுத்தினால் அது காகக்கால் மாதிரி ஒரு தகட்டைத் தள்ளி எஃப் பேடையும் சேர்த்து மூடும். அந்தத் தகட்டில் ஒட்டியிருந்த கோர்க் தேய்ந்துவிட்டது, ஈ முதலில் மூடுது, எஃப் பின்தங்குது. 0.5 மில்லிமீற்றர் கோர்க் துண்டு வெட்டி ஒட்டி, இரண்டு பேடிலும் ரேப் ஒரே பிடிப்புக் காட்டும்வரை மெல்லிய மணற்தாளால் தேய்த்து எடுக்கிற வேலை. தகட்டை வளைக்க மட்டும் யாரையும் விடாதீங்க.

வாங்கின பிறகு ஒவ்வொரு முறையும் துணி இழுங்க. துணியை விரித்து, அதன் கயிற்றில் கட்டியிருக்கிற குண்டை அடிப்பக்கமாக விட்டு மேல்பக்கம் இழுங்க. மேல் துண்டுக்குள் ரெஜிஸ்டர் கீயின் (சுரத்தை மேல் வரிசைக்கு ஏற்றுகிற கீ) சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு நிற்குது, சுருண்ட துணி அதில் சிக்கும். சிக்கினால் முன்னால் இழுக்காமல், வந்த வழியே பின்னால் எடுங்க.