8 மாதம் ஆகிவிட்டது, இன்னும் ‘பாபாபா’ வரவில்லை

கேள்வி: ஈரோட்டு அம்மா

என் பையன் 2 மாதத்திலேயே ‘ங்கா’, ‘ஆகூ’ என்று ஆரம்பித்துவிட்டான். அப்புறம் 5 மாதத்தில் கீச்சென்று கத்துவதும், உதட்டைக் கூட்டி ‘புர்ர்’ என்று எச்சில் ஊதுவதும்தான் வேலை. அவன் ஊதினால் மழை வருமென்று மாமியார் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார் (ஒரு தடவையும் வரவில்லை). இப்போது 8 மாதம். ‘ஆ’, ‘ஈ’ என்று இழுக்கிறான், அவ்வளவுதான். நாத்தனார் பெண் இதே வயதில் ‘பாபாபா’, ‘தாதாதா’ என்று பொழிந்தாளாம். வசம்பைத் தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்கள். பிறந்தபோது காது சோதனை செய்யவில்லை. ஆனால் தட்டைத் தட்டினால் திரும்புகிறான். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: இரட்டையர் அப்பா

பயப்படாதீங்க. எங்கள் வீட்டில் மகள் ஆறரை மாதத்தில் ‘மாமாமா’ என்றாள், மகனுக்கு 9 மாதம் ஆயிற்று. தவழப் பழகிய நாட்களில் அவன் வாயே திறக்கவில்லை. தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை கொடுக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து இருக்கிறது.

பதில்: பேச்சுப் பயிற்சி தருபவள்

6 முதல் 10 மாதத்துக்குள் எப்போது தொடங்கினாலும் சரிதான். ஆனால் காது சோதனையே நடக்காத பிள்ளைக்குப் பொறுத்துப் பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ‘ங்கா’வும் கீச்சும் காது கேளாத குழந்தைக்கும் வரும். ‘பாபாபா’தான் தாமதமாகும். ஆலர், ஐலர்ஸ் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், காது கேட்கும் குழந்தைகள் 10 மாதத்துக்குள் தொடங்கிவிட்டார்கள். கேளாத குழந்தைகள் 11 மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கினார்கள்.

தட்டை நம்பாதீர்கள். கை அசைவதைப் பார்த்தும் திரும்புவான், தரை அதிர்ந்தாலும் திரும்புவான். பாதி கேட்கிற குழந்தையும் திரும்பும். இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் ஓஏஇ (காதில் சின்னக் கருவி வைத்துப் பார்ப்பது), பெரா (தலையில் ஒயர் ஒட்டி, சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) என்ற இரண்டு காது சோதனைகளையும் பற்றிக் கேளுங்கள். வசம்பால் பேச்சு வராது.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, அவன் ‘ஆ’ என்ற உடனே முகம் பார்த்துச் சிரித்துத் தொடுங்கள். அந்த ‘உடனே’தான் முக்கியம். 2003-ல் 8 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், குழந்தை குரல் கொடுத்ததும் அம்மா சிரித்துத் தொட்டபோது அதன் மழலை தேறியது. அதே சிரிப்பும் தொடலும் நேரம் தவறி வந்தபோது தேறவில்லை.

ஈரோட்டு அம்மா

சரி, நாளைக்கே கேட்கிறேன். பெராவுக்குத் தூங்க வேண்டுமாமே? இவன் பகலில் கண்ணே மூட மாட்டான்.

பேச்சுப் பயிற்சி தருபவள்

அன்று விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் தூங்க விடாதீர்கள், அங்கே போய்ப் பால் கொடுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. அப்படியும் தூங்காவிட்டால் மருந்து தரலாமா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். வீட்டிலிருந்து எதையும் புகட்டிக் கூட்டிப் போகாதீர்கள்.