குவாட்டர்மாஸைத் தேடிப் போய் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

கல்லடிப் பாலத்தடி

பிபிசியின் 1953 குவாட்டர்மாஸ் விஞ்ஞானக் கற்பனை ரிவி நாடகத்தை இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆறு சனிக்கிழமை, லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து நேரடி ஒளிபரப்பு. முதல் இரண்டு பாகம்தான் மிச்சம். மற்ற நாலையும் பிபிசி அழித்துவிட்டது.

அது தயாரான விதத்தைப் பற்றி ஒரு கட்டுரைக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆரையம்பதியில் ஓர் ஐயா அந்த நேரம் லண்டனில் படித்தவர், தங்கியிருந்த வீட்டு ரிவியில் எல்லாப் பாகமும் பார்த்தவர் என்று ஒருவர் சொன்னார். போனேன். முதல் ஒரு மணித்தியாலம் ஹர்த்தால் கதைதான். ஆகஸ்ட் 12 ஹர்த்தால், கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது, அதைப் பற்றித் தகப்பன் எழுதின கடிதம். கடைசிப் பாகம் ஒளிபரப்பான கிழமைதான் அந்தக் கடிதம் கையில் கிடைத்ததாம். எனக்கோ கடைசிப் பாகத்தில் மிருகம் வரும் தேவாலயக் காட்சி வேண்டும்.

திடீரென்று எழும்பி, பக்கத்தில் கிடந்த பழைய பிரம்புக் கதிரையின் அடியால் கையை விட்டார். பின்னல் அறுந்திருந்த ஓட்டையால் மூன்று விரல் மெல்ல மேலே வந்தது. ஒன்று நின்றது, மற்றது வளைந்தது. “இப்பிடித்தான் மனே வந்தது. வீட்டுக்காரி கையில இருந்த ஊசியையும் நூலையும் போட்டுட்டா.”

நான் ஃபோனில் பதிவு போடவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாகப் போடலாம், அடுத்த முறை ஒழுங்காகக் கேள்வி எழுதிக்கொண்டு வரலாம் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் கிழமை அவருக்குப் பாரிசவாதம். இப்போது ஆளைத் தெரிகிறது, பேச்சு இல்லை.

ஏறாவூர் வாசகன்

தம்பி, கவலையான கதைதான். ஆனால் ஒரு திருத்தம். “அழித்துவிட்டது” என்று கட்டுரையில் போட்டுவிடாதீர்கள். அழிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாம் பாகத்திலிருந்து பதிவே செய்யவில்லை. எல்லாரும் டாக்டர் ஹூ என்ற மற்ற பிபிசி தொடரோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அதுதான் பதிவு செய்து, விற்று, பிறகு நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சிக்கு எடுத்தது. அதனால்தான் 2013இல் ஒன்பது பாகம் நைஜீரியாவில் அகப்பட்டது என்று செய்தி வந்தது. குவாட்டர்மாஸுக்கு அப்படி ஒரு நைஜீரியா கிடையாது.

அந்த நாளில் பதிவு என்றால் ஒரு ரிவித் திரைக்கு முன்னால் ஃபிலிம் கமெராவை வைத்துப் பிடிப்பது. தரம் சரியில்லை என்று இரண்டோடு விட்டுவிட்டார்கள். என் அனுபவம் சின்னது. இரண்டாம் பாகத்தைக் கொழும்பு பஸ்ஸில் ஃபோனில் பார்த்தேன். திரையில் ஒரு பூச்சி. பெருவிரலால் துடைத்தேன், போகவில்லை. சட்டை நுனியால் துடைத்தேன். பக்கத்துச் சீட் ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அது 1953இல் பதிவு செய்த திரையில் வந்து குந்தின பூச்சி.

கல்முனை ரீச்சர்

ஐயா காட்டின கை என்னை விடுதில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த மிருகம் உண்மையிலேயே கைதான். நாடகத்தை எழுதின நைஜல் நீல் தன் கையுறையில் செடியும் தோல் துண்டும் ஒட்டி, தேவாலயத்தின் பெரிய படத்தில் ஓட்டை வெட்டி, அதற்குள்ளால் கையை விட்டார். கையுறை செய்ய உதவினவர் பிறகு அவர் மனைவியான ஜூடித் கெர்.

இதைப் படித்துவிட்டுத் தமிழ்த்தினத்துக்கு ஒரு விஞ்ஞான நாடகம் போட்டோம். தேவாலயத்துக்குப் பதில் பழைய கல்லடிப் பாலத்தின் படம், கையுறையில் அடம்பன் கொடியும் மாங்கொப்பும். கையை விட்டவன் ஒன்பதாம் வகுப்புப் பொடியன். ஒத்திகையில் கட்டைபோல் கிடந்த கை, அன்று மேடையில் துடித்துத் துடித்து நெளிந்தது. சபை விறைத்துப் போனது. நானே கையைத் தட்டினேன். திரை விழுந்த பிறகுதான் கையுறையைக் கழற்றினான். மாவிலைக்குள் இருந்த முசுறு முழங்கை வரைக்கும். ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். “பாலம் ஆடிருமே ரீச்சர்” என்றான். நான் கை தட்டினது அவனுக்குக் கேட்டிருக்கும்.

அக்கரைப்பற்று டெக்

நான் வீடியோக் கடை வைத்திருந்தவன். சுனாமியில் கசற் எல்லாம் கடையோடு போனது. அதில் நானே ரிவியிலிருந்து பிடித்த நாடகங்களும் இருந்தன. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் உங்களில் யாரிடமாவது பழைய கசற் இருந்தால் கேளுங்கள். படுக்கப் போடாதீர்கள், புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். நம்ம கடல்காற்றுக்குப் பூஞ்சணம் நிச்சயம். மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள், வெள்ளைத் தூள் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. போட்டால் ஹெட் கெடும், அதோடு அடுத்த கசற்றுக்கும் ஒட்டும். நல்ல கசற்றை வருசத்துக்கு ஒரு தரமாவது முழுக்க ஓட்டிச் சுற்றி வையுங்கள். முதுகுப்பக்கம் சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது மேலே கல்யாண வீடியோ பிடித்துவிடுவார்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டிஜிட்டலுக்கு மாற்றினாலும் கசற்றை எறியாதீர்கள். தம்பிக்கும் சொல்கிறேன், ஃபோன் பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள்.

கல்லடிப் பாலத்தடி

காக்கா, பதிவு இருந்தால்தானே இரண்டு இடத்தில் வைக்க. ஏறாவூர் அண்ணன், “அழித்துவிட்டது” என்பதை வெட்டிவிட்டேன்.

கல்முனை ரீச்சர்

தம்பி, ஒன்று கேட்கவேணும். ஐயா எந்தக் கையைக் காட்டினார்?

கல்லடிப் பாலத்தடி

இடக்கை ரீச்சர். வலக்கையில் வெற்றிலை இருந்தது.