1922: அயர்லாந்து வென்ற வருடமா, தோற்ற வருடமா?

லிஃபிக்கரை:
டப்ளினில் நான் தினமும் கடக்கும் தெருவில் ஒரு பச்சைத் தபால் பெட்டி இருக்கிறது. பெயின்டுக்கு அடியில் விக்டோரியா ராணியின் முத்திரை எழுத்துகள் இன்னும் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. 1922-இல் வந்த புது அரசு பழைய சிவப்புப் பெட்டிகளைப் பிடுங்கி எறியவில்லை, மேலே பச்சை அடித்து வேலையைத் தொடர்ந்தது. அந்த வருட அரசியலையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர பிரிட்டனோடு முந்தைய டிசம்பரில் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் குறையுள்ளதுதான். ஆனால் ஜனவரி 7 அன்று டாயில், அதாவது அயர்லாந்து நாடாளுமன்றம், அதை 64-57 என்று ஏற்றது. ஒன்பதே நாளில் டப்ளின் கோட்டை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் கைக்கு வந்தது. எழுநூறு வருடம் அந்நியர் ஆண்ட கோட்டை! இது வெற்றி இல்லை என்றால் வேறு எது?

செங்காந்தள்:
பெட்டிக் கதை என் பக்கம்தான் பேசுகிறது, லிஃபிக்கரை. மாறியது பெயின்ட் மட்டும்தானே? டாயில் உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். மூன்று துறைமுகங்கள் பிரிட்டன் கையில். வடக்கில் ஆறு கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், தனி. கையெழுத்துப் போடாவிட்டால் உடனே போர் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் அது. டாயிலில் இருந்த ஆறு பெண்களும் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் நால்வர் இந்தப் போராட்டத்தில் மகனையோ கணவனையோ சகோதரனையோ பறிகொடுத்தவர்கள்.

லிஃபிக்கரை:
அவர்கள் துக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த விவாதங்களை எடுத்துப் படியுங்கள். வடக்கைப் பற்றி இரு தரப்பும் பேசியது கொஞ்சம்தான். சண்டையெல்லாம் சத்தியப்பிரமாணத்தைச் சுற்றி. சரி, மக்கள் என்ன சொன்னார்கள்? ஜூன் 16 தேர்தலில் மொத்தம் 128 இடம். விடுதலைக்குப் போராடிய ஷின் ஃபெயின் கட்சி இரண்டாகப் பிரிந்திருந்தது: ஒப்பந்த ஆதரவு அணிக்கு 58, எதிர்ப்பு அணிக்கு 36. தொழிலாளர் கட்சிக்கு 17, அவர்களும் ஒப்பந்தத்தோடு போகலாம் என்றவர்கள்தான்.

செங்காந்தள்:
என்ன தேர்தல் அது! புது அரசியலமைப்பு எப்படி இருக்கும் என்பதே வாக்குப்பதிவு நாள் காலையில்தான் செய்தித்தாளில் வந்தது. பல தொகுதிகளில் போட்டியே கிடையாது. முப்பது வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. துப்பாக்கியை ஒளித்துவைத்தும் சேதி சுமந்தும் அலைந்தவர்களில் பலர் அந்த வயதுப் பெண்கள்தானே?

லிஃபிக்கரை:
அதே வருடம் வந்த அரசியலமைப்பு 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது. பிரிட்டனில் அது 1928-இல்தான். அதையும் சொல்லுங்கள்.

குறும்புக்காரன்:
வெள்ளைக்காரன் போனான், அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள். இதற்கு இத்தனை பதிவா?

பழையதாள்:
தம்பி, அடித்துக்கொண்டதில் என்ன போயிற்று தெரியுமா? ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் ஏப்ரலிலிருந்து ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஜூன் 28 அதிகாலையில் காலின்ஸின் ஆட்கள் பிரிட்டிஷ் ராணுவத்திடம் இரவல் வாங்கிய பீரங்கியால் சுட ஆரம்பித்தார்கள். 30-ஆம் தேதி பெரிய வெடிப்பு. பக்கத்திலேயே பொது ஆவணக் காப்பகம். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு, உயில்கள், தேவாலயப் பதிவேடுகள் என்று பெரும்பகுதி சாம்பல். யாரால் வெடித்தது என்று இன்றும் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். 1840-களின் பெரும் பஞ்சத்துக்கு முன்னால் தன் பாட்டன் பூட்டன் எந்த ஊரில் இருந்தான் என்று தேடும் ஐரிஷ்காரர்கள் வந்து முட்டிக்கொள்வது அந்தச் சுவரில்தான். என் தொழில் பழைய காகிதம் என்பதால் எனக்கு இரண்டு தரப்பின் மீதும் கோபம்.

செங்காந்தள்:
நன்றி பழையதாள் ஐயா. இரவல் பீரங்கி என்ற இடத்தை லிஃபிக்கரை கவனிக்கட்டும். அப்புறம் டிசம்பர் 8. முந்தைய நாள் டப்ளினில் ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் ஷான் ஹேல்ஸ் என்ற டாயில் உறுப்பினரைச் சுட்டுக் கொன்றார்கள். பதிலுக்கு, சிறையில் இருந்த ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் நான்கு பேரை விடியற்காலையில் அரசு நிறுத்திச் சுட்டது: ரோரி ஓ'கானர், லியாம் மெல்லோஸ், ஜோ மெக்கெல்வி, ரிச்சர்ட் பாரெட். விசாரணை கிடையாது. நால்வரும் ஜூன் கடைசியிலிருந்தே உள்ளே இருந்தவர்கள். ஹேல்ஸைக் கொன்றது அவர்கள் எப்படி? அந்த முடிவுக்குச் சம்மதித்த அமைச்சர்களில் கெவின் ஓ'ஹிக்கின்ஸும் ஒருவர். ஒரு வருடத்துக்கு முன்புதான் அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் இதே ரோரி ஓ'கானர். புது அரசு முறைப்படி பிறந்து இரண்டே நாள்.

லிஃபிக்கரை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. அது கொலைதான், சட்டத்தின் பெயரில் நடந்தது. ஆகஸ்டில் பத்து நாள் இடைவெளியில், காலின்ஸோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கிரிஃபித் இறந்தார், காலின்ஸ் கார்க் பக்கம் பதுங்கித் தாக்கியதில் விழுந்தார். அவர்கள் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்ல ஆசை. சொல்ல முடியாது, ஃபோர் கோர்ட்ஸைச் சுட்டதும் அவர்கள்தானே.

ஆனால் ஒப்பந்தம் முட்டுச்சந்து என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சுதந்திரத்தை அடைவதற்கான சுதந்திரம் என்றார் காலின்ஸ். எதிர்ப்பு அணித் தலைவர் டி வலேராவே 1927-இல் அந்தச் சத்தியப்பிரமாணத்தை வெற்று வார்த்தை என்று சொல்லி டாயிலுக்குள் போனார். ஆட்சிக்கு வந்து 1933-இல் அதை நீக்கினார், 1938-இல் துறைமுகங்களை வாங்கினார். எல்லாம் காலின்ஸ் போட்ட பாதையில்.

செங்காந்தள்:
1927-இல் வெற்று வார்த்தை என்றால் 1922-இல் எதற்காக இத்தனை பேர் செத்தார்கள்? டி வலேரா மேல் எனக்கும் அந்தக் கோபம் உண்டு, உங்களுக்காகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பாதை பெல்பாஸ்ட் கத்தோலிக்கருக்கு எங்கே போய் முடிந்தது? டிசம்பர் 7 அன்று வடக்கு நாடாளுமன்றம் புது அரசிலிருந்து விலகிக்கொண்டது. அவர்களுக்கு 1922 இன்னும் முடியவில்லை.

லிஃபிக்கரை:
அதை மறுக்கவில்லை.

பழையதாள்:
அந்தப் பெட்டியை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்.

லிஃபிக்கரை:
இங்கே மூன்று நாளாக மழை, ஐயா. விட்டதும் எடுக்கிறேன்.