கேஸ்கட் எப்படிக் கிடைத்தது? விதிமுறையும் பழக்கமும் குறித்து ஒரு விவாதம்

ஜூரோங் ஃபோர்மன்:
சிங்கப்பூரின் ஜூரோங்கில், கப்பல் பட்டறை ஒன்றில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற மாதம் இரவுப் பணியில் ஒரு பம்புக்குக் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) தேவைப்பட்டது. படிவம் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிச் சாமான் அறைக்குப் போனால் மறுநாள் மதியம் ஆகிவிடும் என்பதால், அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தேன். "எடுத்துக்கோ தம்பி, பேப்பரைக் காலையில கொடு" என்றார். விடிவதற்குள் பம்பு ஓடியது. நிறுவனத்தின் பொறுப்பு வரைபடத்தில் எங்கள் இருவரையும் இணைக்கும் கோடு எதுவும் இல்லை. வேலையை நடத்துவது விதிமுறை அல்ல, ஆளுக்கு ஆள் உள்ள பழக்கமே என்பது என் கருத்து.

தெம்பனிஸ் கணக்கர்:
ஐயா, அன்றிரவு அந்த அண்ணனை அழைத்தவர் தமிழ் தெரியாத பங்களாதேஷ் தொழிலாளராக இருந்திருந்தால் கேஸ்கட் கிடைத்திருக்குமா? நான் 6 ஆண்டுகள் இருந்த அலுவலகத்தில் முடிவுகள் எல்லாம் கோப்பி மேசையில், மாண்டரினில் எடுக்கப்பட்டன. யாரும் என்னை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. எனக்கு மொழி தெரியாது, அவ்வளவுதான். புதன்கிழமைக் கூட்டத்தில் ஏற்கெனவே முடிந்துபோனதைத்தான் வாசித்தார்கள்.

பழக்கம் எப்போதும் உற்பத்தியைக் கூட்டும் என்பதும் சரியன்று. சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பிரிவைச் சேர்ந்த 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழுவின் மொத்த உற்பத்திக்கேற்பக் கூலி கூடும் என்றிருந்தும், நாளுக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு, மீறியவரின் மேற்கையில் குத்தினார்கள்.

ஜூரோங் ஃபோர்மன்:
குத்தியதற்குக் காரணம் உண்டு, அம்மா. உற்பத்தி கூடினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்று அஞ்சினார்கள். நிர்வாகத்தின்மீது நம்பிக்கை இல்லாத இடத்தில் தொழிலாளர் வேறு எதைச் செய்வார்? அதே அறையில் கம்பி இணைப்பவரும் பற்றவைப்பவரும் தடையை மீறி வேலையை மாற்றிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பாதுகாப்பு மேற்பார்வையாளர்:
கேஸ்கட்டுக்குச் சரி, ஹாட் வொர்க் பெர்மிட்டுக்கு (பற்றவைப்பு போன்ற தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டு)? 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங்கில் பழுதுபார்க்க நின்ற ஸ்பைரோஸ் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். அதை அறிந்த தொழிலில் இருந்துகொண்டே, கேட்பவர் தெரிந்தவர்தானே என்று தொட்டிக்குள் வாயுவை அளக்காமல் கையெழுத்திட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அன்று எதுவும் நடக்கவில்லை. ஆகவே மறுவாரமும் அப்படியே கையெழுத்திட்டார்.

ஜூரோங் ஃபோர்மன்:
பெர்மிட்டில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் எங்கள் வாயு அளக்கும் கருவி தவறாகக் காட்டுகிறது என்று முதலில் சொன்னது காலைக் கூட்டத்தில் அல்ல. தேநீர் நேரத்தில், என் அருகில் உட்கார்ந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தெம்பனிஸ் கணக்கர்:
அவர் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, சொன்னார். அவருக்கு அடுத்து நின்ற வங்காளத் தொழிலாளர் யாரிடம் போய்ச் சொல்வார்?

ஜூரோங் ஃபோர்மன்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சாமான் அறை அண்ணன் மார்ச் மாதம் ஓய்வு பெறுகிறார். இரவில் அவசரச் சாமான் எடுக்க ஒரு பக்கப் படிவம் வேண்டும், ஃபோர்மன் கையெழுத்தே போதும் என்றிருக்க வேண்டும் என மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். நான் கட்சி மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான்.