மூல நிரம்பல் 142% வருகிறது, இது என்ன மண்? (அவசரம்)

மூன்றாம்வருடம்_ஆர் · திங்கள், இரவு 10.50

வணக்கம் எல்லாருக்கும். மண் ரிப்போட் வியாழன் காலை கொடுக்க வேண்டும், ஒரு இடத்தில் அப்படியே நிற்கிறேன். மூல நிரம்பல், அதாவது மண் பிடித்து வைக்கக்கூடிய கற்றயன் கொள்ளளவில் கல்சியம், மகனீசியம் போன்ற மூலங்கள் எத்தனை வீதம் என்பது, 142% என்று வருகிறது. நாலு தடவை கணக்குப் போட்டும் அதே 142 தான். நூறுக்கு மேல் வரவே கூடாது என்று சேர் சொல்லிவிட்டு லீவில் போய்விட்டார். ஆய்வுகூடத் தரவு, மழை, வெப்பநிலை எல்லாம் கையில் இருக்கிறது. செங்கபில மண் என்று எழுதிவிடலாமா? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

குச்சவெளிப் பெடியன் · 10.58

எல்லாம் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒன்றையும் போடவில்லையே! எந்த ஊர், எத்தனை அடுக்கு, எந்த ஆழம், பீ.எச். எவ்வளவு, கற்றயன் மாற்றீட்டுக் கொள்ளளவு எந்த முறையில் எடுத்தது?

கிண்ணியா நானா · 11.04

தங்கச்சி, கடலை அண்டின இடமா? அப்படியென்றால் உப்புத்தான், வேறு ஒன்றும் தேட வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் காணிகளில் கிணற்றுத் தண்ணீர் எத்தனை காலம் கரித்தது தெரியுமா. உப்பில் இருக்கிற சோடியமும் கணக்கில் ஏறினால் நூறென்ன இருநூறும் வரும்.

உரக்கடை · 11.10

ஆய்வுகூடப் பிழை. அமோனியம் அசற்றேற்று ஊற்றிய பிறகு மதுசாரத்தால் கழுவுவார்களே, அதை அளவுக்கு மிஞ்சிக் கழுவினால் பிடித்திருந்த அமோனியமும் போய்விடும். கொள்ளளவு குறைவாகக் காட்டும், வீதம் தானாகக் கூடும். திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாம்வருடம்_ஆர் · 11.31

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தம்பலகாமம். குழி ஒன்று வெட்டி மூன்று அடுக்கு எடுத்தேன்.

0–18 செ.மீ.: களி 21%, பீ.எச். 6.9, கொள்ளளவு 11.2, மூலங்களின் கூட்டுத்தொகை 8.9
18–55: களி 29%, பீ.எச். 7.4, கொள்ளளவு 14.8, கூட்டுத்தொகை 13.5
55–95: களி 33%, பீ.எச். 8.2, கொள்ளளவு 15.1. கல்சியம் 16.3, மகனீசியம் 4.1, சோடியம் 0.9, பொற்றாசியம் 0.2

கொள்ளளவும் மூலங்களும் கிலோவுக்கு சென்றிமோல். அமோனியம் அசற்றேற்று, பீ.எச். 7 முறை. மின்கடத்துதிறன் மூன்று அடுக்கிலும் 0.3ஐத் தாண்டவில்லை. மழை வருடத்துக்கு 1570 மி.மீ. அளவு. நிறம் கபிலம்.

பழைய கை · 11.52

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எண்ணைத் தட்டினால் மண்ணின் பெயர் தானாக விழும் என்ற நினைப்பு. நாங்கள் படித்தபோது முதலில் மண்ணைக் கையில் உருட்டிப் பார்க்கச் சொன்னார்கள். 1961இல் மூர்மானும் பானபொக்கவும் இலங்கை மண்களைப் பெரும் மண் தொகுதிகளாகப் பிரித்ததை வாசித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கிழக்கு மாகாணம், கபில நிறம் என்றால் கல்சியமற்ற கபில மண். அவ்வளவுதான்.

குச்சவெளிப் பெடியன் · 11.57

ஐயா, கல்சியம் 16.3 என்று பிள்ளை எழுதியிருக்கிறது. நீங்கள் கல்சியமற்ற என்கிறீர்கள்.

பழைய கை · செவ்வாய், 12.03

பெயரை வைத்துப் பகிடி விட வேண்டாம். அது கல்சியமே இல்லாத மண் என்று அர்த்தமில்லை.

ஓகர் அண்ணை · 12.20

அது பகிடி இல்லை, நல்ல கேள்விதான். சரி, ஒவ்வொன்றாகக் கழிப்போம். உப்பு என்றால் மின்கடத்துதிறன் காட்டிக் கொடுத்திருக்கும், 0.3 என்பது நல்ல தண்ணீர் மண். சோடியத்தைக் கொள்ளளவால் வகுத்தால் 6% கூட வரவில்லை, 15ஐத் தாண்டினால்தான் சொலனெற்ஸ் (சோடியம் மிகுந்த மண்) பக்கம் யோசிக்கலாம். ஆகவே நானாவின் உப்பு இங்கே இல்லை. உரக்கடை சொல்கிற கழுவல் பிழை நடக்கக் கூடியதுதான், ஆனால் மேல் அடுக்கு 79%, அடுத்தது 91%, இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன. ஒரே ஆள் ஒரே நாளில் செய்தவர் மூன்றாவதில் மட்டும் பிழைவிட்டார் என்று எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதில்தான் பீ.எச். 8.2க்கு ஏறுகிறது, அங்கேதான் கல்சியமும் கொள்ளளவை மீறுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் என்றால் எனக்கு மணப்பது சுண்ணாம்பு. அமோனியம் அசற்றேற்றுக் கரைசல் களியில் ஒட்டியிருக்கிற கல்சியத்தை மட்டும் எடுப்பதில்லை, மண்ணில் கல்சியம் காபனேற்று கிடந்தால் அதையும் கொஞ்சம் கரைத்து எடுத்துவிடும். கரைந்ததும் சேர்ந்து கூட்டுத்தொகையில் ஏறும்.

தங்கச்சி, மூன்று கேள்வி. குழி வெட்டினது மேட்டிலா, சரிவிலா, பள்ளத்திலா? நிறம் ஈரமாகப் பார்த்ததா, காய்ந்த தூளில் பார்த்ததா? கீழ் அடுக்கில் வெள்ளையாகக் கட்டி ஏதும் இருந்ததா?

வயல்காரன் · காலை 5.40

தம்பலகாமத்தில் எங்கே பிள்ளை? கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலா, மேட்டுக் காணியா? மேடென்றால் சிவப்பு, பள்ளமென்றால் சாம்பல், இதற்கு ஆய்வுகூடம் எதற்கு. எங்கள் பள்ளக்காணியில் மூன்று அடி தோண்டினால் சுக்கான் கல் வரும். ஐயாவின் காலத்தில் அதைப் பொறுக்கி வரம்பில் போடுவார்கள்.

மூன்றாம்வருடம்_ஆர் · 6.15

பள்ளத்தில். வயலுக்குள் வெட்ட விடவில்லை, வயல் ஓரம் வாய்க்காலுக்குக் கிட்ட வெட்டினோம். மேலே பார்த்தால் தோட்டக் காணி முழுக்கச் சிவப்பு, அதனால்தான் செங்கபில மண் என்று நினைத்தேன். நிறம் காய்ந்த தூளில் பார்த்தது. வெள்ளைக் கட்டி இருந்தது! பயறு அளவில், சில கடலை அளவில். மண்ணாங்கட்டி காய்ந்து இறுகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் உரலில் போட்டு இடித்துத்தான் அரித்தேன்.

ஓகர் அண்ணை · 6.31

பிடிபட்டது. 😀

இடிக்கக் கூடாது தங்கச்சி. மண்ணாங்கட்டியை மெதுவாக மரக்கட்டையால் உருட்டி உடைத்து 2 மி.மீ. அரிதட்டில் அரிப்பார்கள், அரிபடாத கல்லும் கட்டியும் தனியே நிறுத்துக் குறிக்கப்படும், இரசாயனப் பரிசோதனைக்குப் போகாது. நீங்கள் சுண்ணாம்புக் கட்டிகளை மாவாக்கி மண்ணோடு கலந்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆய்வுகூடக்காரர் பாவம், கொடுத்ததை அளந்திருக்கிறார். மிச்சக் கட்டி இருந்தால் ஒன்றை நசுக்கி ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அமிலம் இல்லையென்றால் வீட்டு வினாகிரி போதும்.

உரக்கடை · 7.05

ஆக, என் பக்கம் பிழை இல்லை, பிழை ஆய்வுகூடத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது. பிழை என்று சொன்னேனா இல்லையா?

குச்சவெளிப் பெடியன் · 7.11

😂

கந்தளாய்_நீர்ப்பாசனம் · 8.40

வாய்க்கால் தண்ணீரில் வருகிற சுண்ணாம்பாகவும் இருக்கலாமே? வாய்க்காலுக்குக் கிட்ட வெட்டியதென்று சொல்கிறார்.

ஓகர் அண்ணை · 9.02

வாய்க்கால் தண்ணீர்தான் காரணமென்றால் மேல் அடுக்கில் முதலில் தெரிய வேண்டும், அங்கே பீ.எச். 6.9. இது மேட்டிலிருந்து வருகிற வேலை. மேலே நைஸ் பாறை சிதையும்போது அதிலுள்ள கோர்ன்பிளெண்ட், பிளாஜியோகிளேஸ் போன்ற கனிமங்கள் கல்சியத்தை விடும், மாரியில் அது நிலத்தடி நீரோடு சரிவால் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கச்சான் அடிக்கிற மாதங்களில் நீர்மட்டம் இறங்கி மண் காயும்போது கல்சியம் காபனேற்றாகப் படிந்து கட்டியாகும். வருடா வருடம் இதுதான். அதனால் மண்ணுக்குப் பெயர் வைக்க முதல் சரிவு முழுவதையும் ஒரு படமாகக் கீற வேண்டும்: முகட்டிலும் நடுச்சரிவிலும் செங்கபில மண், பள்ளத்தில் லோ ஹியூமிக் கிளே. உலர் வலயத்தில் குளத்தை அண்டிய ஊர்களில் அநேகமாக இந்த வரிசைதான், வயல்காரன் ஒரு வரியில் சொன்னதும் இதுதான்.

மழையை வருடக் கூட்டுத்தொகையாக மட்டும் எழுதினால் போதாது. 1750க்குக் குறைவு என்பதால் உலர் வலயம், சரி. ஆனால் திருகோணமலையில் நவம்பரும் டிசம்பரும் சராசரியாகத் தலா 300 மி.மீ. தாண்டும், ஜூனில் 30 கூட வராது. அந்த இடைவெளிதான் இந்தக் கட்டிகளின் கதை. மேட்டு மண் வருடத்தில் 90 நாளுக்கு மேல் வறண்டு கிடக்கும், அதற்கு அஸ்ரிக் ஈரநிலை. பள்ளம் நனைந்தே கிடப்பதால் அங்கே அக்குவிக். வெப்பநிலை ஐசோஹைப்பர்தேர்மிக்: மண்ணின் சராசரி 22 பாகைக்கு மேல், கோடைக்கும் மாரிக்கும் வித்தியாசம் 6 பாகைக்குள்.

பழைய கை · 9.30

களி 33 வீதம்தான். 40 வீதம் இல்லாமல் எப்படிக் கிளே என்று எழுதச் சொல்கிறீர்கள்? இழையமைப்பு முக்கோணத்தையாவது பாருங்கள், மணல் எப்படியும் பாதிக்கு மேல் இருக்கும், அது மணற்களி ஈரக்களிமண்தான்.

நிலாவெளி ரீச்சர் · 9.48

ஐயா, அந்தக் கிளே களி இல்லை. இது வேறு சொல். நீர் தேங்கி ஒட்சிசன் இல்லாமல் இரும்பு ஒடுக்கப்பட்டுச் சாம்பலாகிற மண்ணுக்கு உருசியப் பக்கத்து நாட்டுப்புறச் சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என் வகுப்பிலும் வருடா வருடம் இதே குழப்பம்.

பழைய கை · 9.55

அந்த உருசியச் சொல்லுக்கே களிச்சேறு என்ற பொருள் உண்டு. ரீச்சர் அதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

நிலாவெளி ரீச்சர் · 10.10

உண்டுதான். ஆனால் மண்ணியலில் அதை இழையமைப்புக்குப் பாவிப்பதில்லை. அதனால்தான் தமிழில் வேறு சொல் வேண்டும் என்கிறேன். ‘நீர்தேங்கு மண்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

குச்சவெளிப் பெடியன் · 10.14

‘நீர்தேங்கு’ என்றால் வடிகால் அடைத்த வீதியும் அதுதான் ரீச்சர்.

கந்தளாய்_நீர்ப்பாசனம் · 10.33

வயல்காரர்கள் ‘ஊறல் நிலம்’ என்பார்கள். அதை வைக்கலாமே.

வயல்காரன் · 12.50

நாங்கள் ஊறல் என்பது குளக்கட்டுக்குக் கீழே கசிகிற இடத்தை. அது வேறு.

(இதே விஷயத்தில் இன்னும் பதினொரு பதில்கள். ‘சாம்பற்சேற்று மண்’ என்று ஒருவர் போட்டு இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.)

மூன்றாம்வருடம்_ஆர் · இரவு 9.05

வினாகிரி விட்டேன். சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரைத்தது, அம்மாவும் வந்து பார்த்தார். இரண்டாம் அடுக்கில் எடுத்து வைத்த ஒரு மண்ணாங்கட்டியையும் நனைத்துப் பார்த்தேன், காய்ந்தபோது கபிலமாக இருந்தது ஈரத்தில் சாம்பல் கலந்து வருகிறது, நடுவில் துரு மாதிரிச் செம்மஞ்சள் புள்ளிகள். மண் நிறம் ஒப்பிடுகிற மன்செல் புத்தகத்தில் 10 வை.ஆர். 4/2க்குக் கிட்ட. இப்போது 142ஐ என்ன செய்வது? திரும்பப் பரிசோதிக்க நேரமில்லை.

ஓகர் அண்ணை · 9.40

142ஐ அப்படியே அட்டவணையில் போடுங்கள், மறைக்க வேண்டாம். கீழே ஒரு வரி: மாதிரியில் காபனேற்று இருந்தது, கட்டிகள் இடிபட்டுக் கலந்தன, ஆகவே இந்த அடுக்கின் மூல நிரம்பல் 100 என்று எடுக்கப்பட்டது. சுண்ணாம்பு உள்ள மண்ணில் அப்படி எடுப்பது வழக்கம். பிறகு நேரம் கிடைத்தால் இடிக்காமல் அரித்த மாதிரிக்கு, சோடியம் அசற்றேற்று பீ.எச். 8.2 முறையில் கொள்ளளவு எடுங்கள்.

மிச்சத்துக்கு எண்கள் போதும். 21இலிருந்து 29க்குக் களி கூடியது 1.2 மடங்கைத் தாண்டுகிறது, குழிச் சுவரில் களிப்பூச்சு (மேலிருந்து இறங்கிப் படிந்த மெல்லிய களிப் படலம்) பார்த்திருந்தால் ஆஜிலிக் அடுக்கு, அதாவது களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு, என்று எழுதலாம். மூல நிரம்பலும் 35க்கு மிக மேலே, ஆகவே அமெரிக்க வகைப்பாட்டில் அல்பிசோல் (கீழே களி சேர்ந்த, மூலங்கள் நிறைந்த மண்). சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் 50 செ.மீ.க்குள் வருவதால் அதிலும் அக்குவால்ப் (நீர் தேங்குகிற அல்பிசோல்) பக்கம். பழைய புத்தகத்தில் ரொப்பக்குவால்ப் என்று இருக்கும், அந்தப் பெயரை இப்போது எடுத்துவிட்டார்கள், பார்த்து எழுதுங்கள். உள்ளூர்ப் பெயர் லோ ஹியூமிக் கிளே.

பழைய கை · 10.02

களிப்பூச்சை உருப்பெருக்கி இல்லாமல் பார்த்தேன் என்று எழுத வேண்டாம். அது ஒன்றையாவது கேளுங்கள்.

ஓகர் அண்ணை · 10.05

இது உண்மை. ஐயா சொல்வதைக் கேளுங்கள்.

மூன்றாம்வருடம்_ஆர் · வியாழன், மதியம் 1.20

கொடுத்துவிட்டேன். சரிவுப் படமும் கீறினேன். எல்லாருக்கும் நன்றி, நித்திரை கொள்ளப் போகிறேன்.

நிலாவெளி ரீச்சர் · 1.45

சந்தோசம். என்ன பெயர் எழுதினீர்கள், கிளேயா?

கிண்ணியா நானா · 2.10

உப்பு இல்லையென்றால் நல்லதுதான். ஆனால் கடல் பக்கம் ஒரு குழி வெட்டிப் பாருங்கோ, அப்போது தெரியும்.

வயல்காரன் · வெள்ளி, காலை 5.35

பிள்ளை, அந்த வாய்க்கால் ஓரக் குழியை மூடினீர்களா? இந்தப் பக்கம் மாடு அவிழ்த்து விடுகிறவர்கள்.

வயல்காரன் · சனி, காலை 5.50

பிள்ளை?