பின்னியங்கு ஆளி: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ரம்பத்தை ஓட்டினால் தூசு உறிஞ்சும் வேக்கமும் தானாக ஓட வேண்டும். ரம்பம் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். வீட்டுப் பட்டறையில் இந்த வேலையைச் செய்யும் சின்னப் பெட்டிக்கு ஒரு தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன். வந்த சொற்களை ஒரு வாரமாக வேலைக்கு நடுவில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் போட்டுப் பார்க்காத சொல் ஏட்டோடு நின்றுவிடும் என்பது என் கட்சி.

முதலில் வந்தது 'தானியங்கித் தூசுறிஞ்சி நிலைமாற்றி'. பொருள் சரிதான், ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பலகையை அறுத்துவிடலாம். கணிப்பொறியைவிடச் சுருக்கமான கணினிதான் அதிகம் பேர் வாயில் நின்றது. நீளத்தைவிட எனக்கு உறுத்துவது 'தானியங்கி'. இந்தப் பெட்டி தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்வதில்லை. ரம்பத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொன்னால் பெயர் வைக்க வசதியாக இருக்கும். ரம்பத்துக்குப் போகும் கம்பியை ஒரு வளையம் சுற்றியிருக்கும். மின்னோட்ட மாற்றி என்போம். கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பியில் அதற்கு ஈடாக ஒரு சிறு மின்னோட்டம் எழும். 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும் வளையம் ஒன்று பரவலாகப் புழங்குகிறது. 1500 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் இழுத்தால், வளையம் தருவது 3.25 மில்லி ஆம்பியர். அந்தத் துளி போதும், ரிலே என்கிற, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை உசுப்பி வேக்கத்தை ஓடவிட.

நான் முதன்முதலில் செய்தபோது இந்தத் துளியும் வரவில்லை. வளையத்தை எக்ஸ்டென்ஷன் வயரின் மேலேயே மாட்டியிருந்தேன். ரம்பம் அலறுகிறது, மீட்டர் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. வளையம் பழுது என்று திருப்பி அனுப்பக்கூட எழுந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த வயருக்குள் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றில் போவதும் மற்றதில் வருவதும் எதிரெதிர் என்பதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பிளக்கைக் கழற்றிவிட்டு, வெளி உறையைக் கீறி, ஃபேஸ் கம்பியை மட்டும் தனியே எடுத்து வளையத்துக்குள் விட்டேன். உடனே முள் எழுந்தது.

இதை வைத்துத்தான் ஒருவர் 'மின்னோட்டமுணர் ஆளி' என்றார். ஆளி என்றால் சுவிட்சு. துல்லியமான சொல். ஆனால் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர் பேட்டரியில் ஓடுவது என்றால் அதற்கு வயரே இல்லை. அதன் கைப்பிடியில் அதிர்வை உணரும் துண்டு ஒன்றை ஒட்டி, அது ரேடியோ வழியாக வேக்கத்துக்குச் சேதி சொல்லும். காற்றழுத்தத்தில் ஓடும் கருவி என்றால் குழாயில் பாயும் காற்றைக் கவனிக்க வேண்டும். உணரும் விதத்தைப் பெயரில் பூட்டிவிட்டால் நாளைக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

தூசையும் பெயரில் பூட்டக் கூடாது என்பேன். இதே பெட்டி ஒலிபெருக்கியோடு இன்னொரு கருவியையும் சேர்த்து ஓட்டும், கணினியோடு திரையையும் அணைக்கும். அதுபோக, பட்டறையில் பறப்பது ஒரே பொருளும் அல்ல. இழைப்புளி தருவது சீவல், ரம்பம் தருவது தூள், சாண்டர் தருவதுதான் தூசு. கடைசியில் சொன்னதுதான் ஆளைக் கெடுப்பது. சீவல் காலடியில் கிடக்கும், பெருக்கிவிடலாம். தூசு கண்ணில் படாமல் மணிக்கணக்கில் காற்றில் தொங்கி நுரையீரல்வரை போகும். மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. இரண்டே இரண்டு வெட்டுதானே என்று வேக்கத்தைப் போடச் சோம்பல்படுகிற என் மாதிரி ஆளுக்குத்தான் இந்தப் பெட்டி வேண்டியிருக்கிறது.

சரி, சுவிட்சுக்கு என்ன சொல்? நிலைமாற்றி, சொடுக்கி, விசை என்று நமக்குள்ளே பல புழங்குகின்றன. விசை என்றால் இயற்பியலில் வேறு பொருள் வந்து குறுக்கே நிற்கும். இலங்கைப் பாடநூல்களில் 'ஆளி' என்று இரண்டே எழுத்தில் முடித்துவிட்டார்கள். ஆளி விதை நினைவுக்கு வருகிறது, கோயில் தூணில் நிற்கும் யாளியும் வருகிறது என்று சிலர் முகம் சுளித்தார்கள். வந்தால் வரட்டும், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் அதைப் படிக்கிறவர் சிங்கத்தைத் தேட மாட்டார்.

ஆளி என்று வைத்ததும் ஒருவர் 'கூட்டாளி' என்று எழுதினார். கூட்டாக இயக்கும் ஆளி! படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன், இன்னும் அந்தச் சொல்மேல் ஆசை போகவில்லை. ஆனால் 'கூட்டாளி கெட்டுப்போச்சு' என்று ஒருவர் சொன்னால் வீட்டில் துக்கம் விசாரிப்பார்கள். வேடிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

'ஆண்டான்–அடிமை ஆளி' வேண்டாம். ஆங்கிலத்திலேயே இந்த ஜோடியைக் கைவிட்டு வருகிறார்கள், நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? 'தொடர் ஆளி' என்றால் தொடரிணைப்பு என்று மின்வேலை தெரிந்தவர் நினைப்பார். 'ஒத்தியங்கு ஆளி' நல்ல தமிழ், நாதசுரத்துக்கு ஒத்து ஊதுவது போல. இதில்தான் எனக்கு ஒரு சிக்கல் பட்டது. ஒத்து என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். நம் பெட்டி வேண்டுமென்றே ஒரே நேரத்தில் இயங்குவதில்லை.

ரம்பத்தின் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 1200 வாட் வேக்கமும் அப்படித்தான். ஓடும்போது இரண்டும் சேர்ந்து 12 ஆம்பியருக்குள் அடங்கிவிடும், 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்சு) தாங்கும். ஆனால் இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பினால் எம்சிபி 'டப்'பென்று விழ வாய்ப்பு அதிகம். அதனால் ரம்பம் வேகம் பிடிக்கட்டும் என்று ஒன்றிரண்டு விநாடி விட்டுத்தான் வேக்கம் கிளம்பும். நிற்கும்போதும் அப்படியே. ரம்பம் நின்ற பிறகு ஐந்து முதல் பத்து விநாடி வேக்கம் ஓடினால்தான் குழாயில் பாதி வழியில் இருக்கும் தூள் தொட்டிக்குப் போய்ச் சேரும். சேர்ந்தே நிறுத்தினால் குழாயின் தாழ்வான வளைவில் தூள் தங்கிவிடும். அடுத்த முறை குழாயைத் தூக்கினால் அது உங்கள் செருப்பின்மேல்தான்.

ஆக, இது பின்னால் கிளம்பி, பின்னால் நிற்பது. கூத்தில் பின்பாட்டுக்காரர் செய்வது இதைத்தான். முன்னவர் அடியை எடுத்த பிறகு இவர் பிடிப்பார், அவர் விட்ட பிறகும் இவர் குரல் கொஞ்சம் நீளும். அதனால் என் முன்மொழிவு: பின்னியங்கு ஆளி. ரம்பம் முன்னியங்கும் கருவி, வேக்கம் பின்னியங்கும் கருவி. கிளம்புவதில் உள்ள இடைவெளி தொடக்கத் தாமதம், நிற்பதில் உள்ளது நிறுத்தத் தாமதம். மின்னோட்டத்தை உணர்ந்தாலும் அதிர்வை உணர்ந்தாலும் காற்றை உணர்ந்தாலும் இந்தப் பெயருக்குச் சேதமில்லை. பின்னோக்கிச் சுழல்வது என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்று யோசித்தேன். அதற்குப் 'பின்னோக்கி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் வராது.

இன்னொரு சொல்லையும் இதோடு முடித்துவிடலாம். ஒரே வேக்கத்திலிருந்து பல கருவிகளுக்குக் குழாய் பிரியும் இடத்தில், வேண்டாத கிளையை அடைக்க ஒரு தகட்டைத் தள்ளி மூடுவோமே, ஆங்கிலத்தில் பிளாஸ்ட் கேட் (blast gate), அதற்கு யாரோ 'வெடிப்பு வாயில்' என்று மொழிபெயர்த்திருந்தார். ஐயா, வாய்க்காலில் இதே வேலையைச் செய்யும் ஒன்றுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. மதகு. தண்ணீருக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

பெயரைச் சோதித்துப் பார்க்க என் பெட்டியில் இரண்டு சாக்கெட்டுக்கும் மேல் மார்க்கரால் 'முன்', 'பின்' என்று எழுதி வைத்தேன். மறுநாள் தம்பி வந்தான். பெட்டியைப் பார்த்தான், வேக்கத்தின் பிளக்கைக் கையில் எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது மூணு பின் ஆச்சே, ஒரே ஒரு பின்னுக்கு எழுதி வச்சிருக்கே?" என்றான்.

பிளக்கின் பின்னை நான் நினைத்தே பார்க்கவில்லை. முழுச்சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை என்பதால் பின்னியங்கு ஆளியை விடுவதாக இல்லை. சாக்கெட்டுக்கு மேல் எழுத மட்டும் சுருக்கமான ஜோடி ஒன்று வேண்டும். இப்போதைக்கு 'ரம்பம்', 'வேக்கம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.