பாவ அறிக்கைக்கு மூன்று பேர் குழு: காசிமேடு, ராயபுரம் பக்கம் உதவி வேண்டும்

ஸ்தோத்திரம். "ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிடுங்கள்" என்கிற யாக்கோபு 5:16-ன்படி ஆண்களை மூன்று மூன்று பேராகச் சேர்க்கிறோம். கூட்டம் பெருத்தால் பேச்சு மேலோட்டமாகிவிடும். "ஆண்டவரே, நான் பலவீனன்" என்பது அறிக்கை இல்லை. "செவ்வாய் ராத்திரி குடித்தேன், வீட்டில் பொய் சொன்னேன்" என்று செயலைச் சொல்லணும். கேட்பவர் புத்தி சொல்லக் கிளம்பாமல் 1 யோவான் 1:9 (பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்ற வசனம்) வாசித்து ஜெபித்தால் போதும். பொய் கேட்ட மனைவியிடமும் அறிக்கை செய்தவரே போய்ச் சொல்லணும்.

கெடுவது எங்கே? குழுவில் சொன்னது மறுநாளே வாட்ஸ்அப்பில் ஜெபக் குறிப்பாக வந்துவிடும். (நம்ம தெருவில் சுவருக்குக் காது இல்லை, சுவரே இல்லை!)

வாய் காக்கத் தெரிந்த இரண்டு மூத்த சகோதரர்கள் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து 45 நிமிடம் ஒதுங்கி உட்கார இடமும் வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும்; அதை முதல் நாளே எல்லாரிடமும் வாசிக்க நாலு வரி எழுதித் தர வக்கீல் யாராவது இருக்கிறீர்களா?